கோடைல கிராப்பி எங்க ஒளியுது? ஏரிக்குள்ள ஓடுற ஒரு கோடு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் எடுத்துவிட்டோம்.)

டல்லாஸ் பக்கம் வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க கிட்ட இருந்து ஒவ்வொரு ஜூலையிலும் ஒரே மாதிரி மெயில் வரும். ஏப்ரல்ல லேக் ஃபோர்க் போனப்போ கரையில நின்னே கூடை நிறைய கிராப்பி கிடைச்சது. ஜூலையில அதே கரை, அதே தூண்டில், அதே இரை. ஆனா ஒண்ணுகூட கடிக்கல. மீன் எல்லாம் எங்க போச்சு? இன்னைக்கு எபிசோட் இதுக்கான பதில்தான். பதில் சின்னது: மீன் எங்கயும் போகல, ஏரிதான் சின்னதாயிடுச்சு. ஆனா இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் ஃபிசிக்ஸ் வேணும். அதே ஃபிசிக்ஸ், நீங்க பிடிச்சுட்டுத் திருப்பி விடுற மீனுக்கு என்ன ஆகுதுன்னும் சொல்லும். எனக்கு முக்கியம் அந்த ரெண்டாவது பாதிதான். அதனால கடைசி வரைக்கும் இருங்க.

சென்னையில, கோவையில இருந்து கேக்கறவங்களுக்கு ஒரு அறிமுகம். கிராப்பி அமெரிக்காவோட நன்னீர் மீன். நம்ம ஊர் ஜிலேபி மாதிரி பக்கவாட்டில் தட்டையா, வெள்ளி நிறத்துல கரும்புள்ளியோட இருக்கும். வெள்ளைக் கிராப்பி, கருப்புக் கிராப்பின்னு ரெண்டு இனம். எழுத்துப்படி 'கிராப்பி'ன்னு வந்தாலும், பல ஊர்ல 'கிராப்பி' இல்ல, 'க்ராஆப்பி'ன்னு இழுத்துத்தான் சொல்றாங்க. லூசியானாவுல 'சாக்கலே'ன்னு வேற பேரு. பெரிய மீன் இல்ல. கால் கிலோவுல இருந்து அரை கிலோ வரைக்கும் இருந்தாலே நல்ல மீன். உலக சாதனை வெள்ளைக் கிராப்பி 5 பவுண்டு 3 அவுன்ஸ், அதாவது ரெண்டே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. 1957ல மிசிசிப்பியில் இருக்கிற ஈனிட் அணைக்கிட்ட பிடிச்சது. தேதி ஜூலை 31. நல்ல கோடைக்காலம்! வெயில் காலத்துல கிராப்பி கிடைக்காதுன்னு யாராவது சொன்னா இந்தத் தேதியைச் சொல்லுங்க.

இப்போ இடத்துக்கு வருவோம். லேக் ஃபோர்க் டல்லாஸுக்குக் கிழக்கே, கார்ல ஒன்றரை மணி நேரம். பேர்ல லேக்னு இருந்தாலும் இயற்கை ஏரி இல்ல, நீர்த்தேக்கம். சபைன் ஆத்துல சேர்ற லேக் ஃபோர்க் க்ரீக்குன்ற ஓடைக்குக் குறுக்க அணை கட்டி, 1980ல தண்ணீர் தேக்க ஆரம்பிச்சாங்க. பரப்பு சுமார் 27,000 ஏக்கர். ஓடைக்கரை மரங்கள்ல நிறைய வெட்டப்படாம அப்படியே முங்கிப் போச்சு. இன்னைக்கும் தண்ணிக்கு மேல மொட்டை மரங்கள் நிக்கறதைப் பார்க்கலாம். அந்த மரங்கள்தான் மீனுக்கு வீடு.

சரி, ஃபிசிக்ஸ். ஊர்ல கிணத்துல குதிச்சிருக்கீங்களா? நெஞ்சு வரைக்கும் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும். காலைக் கீழ நீட்டினா திடீர்னு ஜில்லுனு இருக்கும். படிப்படியா குளிராது, ஒரு இடத்துல சட்டுனு மாறும். அந்த 'சட்டுனு' மாறுற இடத்துக்குப் பேர்தான் தெர்மோக்ளைன். இனிமே நான் இதைக் 'கோடு'ன்னே சொல்றேன். உண்மையில அது சில அடி தடிமன் உள்ள ஒரு அடுக்கு.

ஏன் அப்படி ஒரு கோடு உருவாகுது? வெயில் மேல இருந்துதான் தண்ணியைச் சூடாக்குது. சூடான தண்ணி லேசு, அதனால மேலேயே மிதக்கும். காத்து அடிச்சா கலக்கும், ஆனா மேல இருக்கிற சில அடிதான் கலங்கும். இதுல ஸ்கூல்ல யாரும் அழுத்திச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு அடர்த்தி எவ்வளவு மாறும்ங்கறது எல்லா வெப்பத்துலயும் ஒண்ணு இல்ல. 4 டிகிரியில இருந்து 5 டிகிரிக்குப் போனா அடர்த்தி கிட்டத்தட்ட மாறவே மாறாது. 29ல இருந்து 30க்குப் போனா, அதைவிட முப்பது மடங்குக்கும் அதிகமா மாறும். அதனால வெப்பமான ஊர் ஏரியில நாலஞ்சு டிகிரி வித்தியாசமே மேலயும் கீழயும் இருக்கிற தண்ணியை எண்ணெயும் தண்ணியும் மாதிரி பிரிச்சு வச்சிடும். கிழக்கு டெக்சாஸ்ல ஜூலை மாசம் மேல்தண்ணி 30 டிகிரியைத் தொட்டுடும். காத்து எவ்வளவு முயற்சி பண்ணினாலும் அந்தக் கோட்டைத் தாண்டிக் கலக்க முடியாது.

இதுவரைக்கும் வெறும் வெப்பம். மீன் குளிர்ச்சியான கீழ்த்தண்ணிக்குப் போயிட வேண்டியதுதானேன்னு தோணும். நிறைய பேர் இப்படி நெனச்சுத்தான், "வெயில் காலம்னா ஆழம்"னு 40 அடிக்குத் தூண்டிலை இறக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அங்கதான் ஏமாறுவாங்க.

கோட்டுக்குக் கீழ மாட்டிக்கிட்ட தண்ணி மூடி போட்ட பாட்டில் மாதிரி. ஆக்சிஜன் ரெண்டு வழியில வரணும்: மேல இருந்து காத்து கலக்கணும், இல்லன்னா பாசியும் செடியும் வெளிச்சத்துல உற்பத்தி பண்ணணும். காத்துக்குக் கோடு தடை. வெளிச்சம் அவ்வளவு ஆழம் போகாது. ஆனா செலவு மட்டும் நிக்காம நடக்குது. மேல செத்துப்போற பாசி, இலை, குப்பை எல்லாம் கீழ விழுந்துட்டே இருக்கு, பாக்டீரியா அதைச் சாப்பிட்டு ஆக்சிஜனைக் காலி பண்ணிட்டே இருக்கு. வரவே இல்லாம செலவு மட்டும் ஓடுற அக்கவுண்ட். ஜூலை வந்தா பேலன்ஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்துல போயிடும். அந்தத் தண்ணி ஜில்லுனு இருக்கும், ஆனா மீனால அங்க மூச்சு விட முடியாது.

ஆக, மேல கொதிக்குது, கீழ மூச்சு முட்டுது. நடுவுல இருக்கிற ஒரு பட்டைதான் மீனுக்கு மிச்சம். கிழக்கு டெக்சாஸ் ஏரிகள்ல அந்தக் கோடு பொதுவா 15ல இருந்து 25 அடிக்குள்ள விழும். மழை, காத்து, தண்ணியோட தெளிவைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் நகரும். லேக் ஃபோர்க்கோட அதிகபட்ச ஆழம் சுமார் 70 அடி. மேப்ல 70 அடின்னு போட்டிருந்தாலும், ஆகஸ்ட்ல கிராப்பியைப் பொறுத்தவரை ஏரியோட தரை அந்தக் கோடுதான். ஏரி சின்னதாயிடுச்சுன்னு சொன்னது இதைத்தான்.

இது தெரிஞ்சா மீன் பிடிக்கிற விதமே மாறிடும். முதல்ல கோட்டைக் கண்டுபிடிக்கணும். சாதாரண ஃபிஷ் ஃபைண்டரே போதும். சென்சிடிவிட்டியைக் கூட்டிட்டு ஆழமான இடத்துக்கு மேல போங்க. ஒரே ஆழத்துல, படகு எங்க நகர்ந்தாலும் மாறாம, புகை மாதிரி ஒரு மங்கலான பட்டை தெரியும். அடர்த்தி மாறுற இடத்துல ஒலி கொஞ்சம் எதிரொலிக்கும். கீழ போக முடியாம அங்கேயே தேங்கி நிக்கிற நுண்ணுயிரும் தூசும் சேர்ந்து அந்தப் பட்டையைக் காட்டிக் கொடுக்கும். படகு இல்லாதவங்க கயித்துல ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி ரெண்டு ரெண்டு அடியா இறக்கிப் பார்க்கலாம். கேவலமா தோணலாம், ஆனா எனக்குப் பிடிச்ச முறை அதுதான். ஸ்கிரீன் காட்டுறதை நம்புறதைவிட எண்ணைப் பார்க்கிறது ஒரு தனி திருப்தி.

பட்டை 20 அடியில தெரியுதுன்னு வைங்க. இப்போ 20 அடிக்கு மேல நிழலோ மறைவோ எங்க இருக்குன்னு தேடணும். 35 அடி ஆழத்துல ஒரு மரக்கிளைக் குவியல், அதோட உச்சி 28 அடியில. வசந்த காலத்துக்கு முன்னாடி அது தங்கச் சுரங்கமா இருந்திருக்கலாம், ஜூலையில அது காலி வீடு. அதே 35 அடி ஆழத்துல ஒரு நின்ன மரம், கிளை 14 அடி வரைக்கும் ஏறி வந்திருந்தா, 14லிருந்து 19 அடிக்குள்ள மீன் இருக்க வாய்ப்பு அதிகம். அடியில எவ்வளவு ஆழம்ங்கறது முக்கியமே இல்ல, மேல எவ்வளவு தூரம் ஏறி வருதுங்கறதுதான் விஷயம். பாலத் தூணும் இதே கணக்குதான். 154, 515 சாலைப் பாலங்களுக்குக் கீழ கோடைல படகுகள் கூடுறதுக்குக் காரணம் நிழல் மட்டும் இல்ல. தூண் செங்குத்தா நிக்குது, அதனால மீன் கோட்டுக்கு மேல எந்த ஆழம் வேணுமோ அங்க ஏறி இறங்கிக்கலாம். தூண்ல ஒட்டின பாசியைத் தேடி ஷாடுன்ற பொடி மீன் வரும், ஷாடைத் தேடி கிராப்பி வரும்.

கருவி பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஆறு பவுண்டு தாங்குற மெல்லிசு நரம்பு, ஈயக் குண்டு சேர்ந்த சின்ன ஜிக் முள், இல்லன்னா உயிருள்ள மின்னோ. படகை நிறுத்திட்டு நேரா கீழ இறக்குங்க. ரெண்டே ரெண்டு விஷயம் நினைவுல வைங்க. கிராப்பியோட கண் தலைக்கு மேல்பக்கமா இருக்கு, அது மேல பார்த்துத்தான் வேட்டையாடும். அதனால இரை மீனுக்கு ஒரு அடி மேல இருந்தா தேடி வந்து எடுக்கும், கீழ போயிட்டா பார்க்கவே பார்க்காது. சந்தேகம்னா மேலேயே நிறுத்துங்க. அடுத்தது, இதோட வாய் ஓரம் காகிதம் மாதிரி. இங்க 'பேப்பர் மௌத்'னே பட்டப்பேர் உண்டு. நம்ம ஊர்ல விரால் அடிக்கிற மாதிரி வெட்டி இழுத்தா முள் வாயைக் கிழிச்சுட்டு வெறுங்கையா திரும்பும். நரம்பு கனமானதும் சும்மா தூக்கினா போதும்.

நேரம்னா, விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு ஒன்பதரைக்குள்ள முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் அந்த வெயில்ல மீனைவிட நமக்குத்தான் ஆபத்து. இன்னொரு வழி ராத்திரி. தண்ணிக்குள்ள பச்சை விளக்கை இறக்கினா நுண்ணுயிர் கூடும், அதைத் தின்ன ஷாடு, அதைத் தின்ன கிராப்பின்னு அரை மணி நேரத்துல ஒரு சங்கிலியே கட்டிடும். கொசு மருந்து மறக்காதீங்க.

2018ல கார்மின் கம்பெனி லைவ்ஸ்கோப்னு ஒரு சோனாரை விட்டுச்சு. படகுக்கு முன்னாடி இருக்கிற தண்ணிக்குள்ள மீன் நகர்றதை வீடியோ மாதிரியே காட்டும். அது வந்த பிறகு கோடு எங்க, மரம் எங்கன்னு யோசிக்கவே வேணாம், மீனை நேராப் பார்த்து அதோட மூக்குக்கு முன்னாடி இரையை இறக்கலாம். அது விளையாட்டா, ஏமாத்தான்னு இங்க பெரிய சண்டையே நடக்குது. டெக்னாலஜியில வேலை பார்க்கிறவன் நான், கருவி மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அது ஒரு பழைய பிரச்சினையைப் பல மடங்காக்கிடுச்சு. எபிசோடோட ரெண்டாவது பாதி அதுதான்.

யூடியூப்ல பார்த்திருப்பீங்க: இன்னைக்கு நூறு கிராப்பி பிடிச்சோம், எல்லாத்தையும் பத்திரமா திருப்பி விட்டுட்டோம். 'பத்திரமா'ங்கற வார்த்தையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

மீனோட வயித்துக்குள்ள ஒரு காத்துப்பை இருக்கு, தண்ணிக்குள்ள மிதக்கிற உயரத்தைச் சரி பண்ணிக்க. நம்ம ஊர் கட்லா, ரோகு மாதிரி கெண்டை வகை மீன்ல அந்தப் பைக்கும் தொண்டைக்கும் நடுவுல ஒரு குழாய் உண்டு. மேல தூக்கினா காத்தை வாய் வழியா வெளிய விட்டுடும். கிராப்பிக்கு அந்தக் குழாய் இல்ல. பைக்குள்ள இருக்கிற காத்து ரத்தம் வழியா மெதுவாத்தான் கரைஞ்சு வெளிய போகணும், அதுக்கு மணிக்கணக்கு ஆகும். நாம மேல தூக்க எடுத்துக்கிறது பத்து செகண்ட்.

33 அடி ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 18 அடியில அழுத்தம் மேற்பரப்பைப் போல ஒன்றரை மடங்கு. அங்கிருந்து தூக்கினா பை ஒன்றரை மடங்கா வீங்கப் பார்க்கும். 45 அடியில இருந்து தூக்கினா ரெண்டு மடங்கையும் தாண்டிடும். உள்ள இடம் ஏது? கண் பிதுங்கும், சில நேரம் இரைப்பையே வாய் வழியா வெளிய வரும். வாய்ல தெரியற அந்த பலூனைக் காத்துப்பைன்னு நெனச்சு ஊசியால குத்துறவங்க உண்டு. அது வயிறு, குத்தாதீங்க. பார்க்க ஒண்ணும் தெரியாத மீன்கூட உள்ள காயப்பட்டிருக்கலாம். வாலை ஆட்டிட்டுக் கீழ போறதை நாம பார்க்கிறோம், அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் வீடியோ எடுக்கறதில்ல.

இப்போ லேக் ஃபோர்க்ல இருக்கிற ஒரு விசித்திரமான சட்டத்தைச் சொல்றேன். டெக்சாஸ் பொது விதிப்படி ஒரு ஆள் ஒரு நாளைக்கு 25 கிராப்பி வரைக்கும் வச்சுக்கலாம், ஒவ்வொண்ணும் குறைஞ்சது 10 இன்ச் இருக்கணும். ஆனா லேக் ஃபோர்க்ல டிசம்பர் 1ல இருந்து பிப்ரவரி கடைசி நாள் வரைக்கும் அளவு வரம்பே கிடையாது. அது மட்டுமில்ல, பிடிச்ச ஒவ்வொரு கிராப்பியையும் வச்சுக்கிட்டே ஆகணும், திருப்பி விடக் கூடாது. முதல் 25 மீன், பெருசோ சிறுசோ, அதோட கணக்கு முடிஞ்சது. மீனைக் காப்பாத்த வேண்டிய துறை, சின்ன மீனையும் எடுத்துட்டுப் போன்னு ஏன் சொல்லுது?

பதில் நம்ம கோடுதான். இலையுதிர் காலத்துல மேல்தண்ணி ஆறி, கீழ்த்தண்ணியோட வெப்பத்துக்கு வந்துடும். அப்போ கோடு உடைஞ்சு மொத்த ஏரியும் கலக்கும். அடி வரைக்கும் ஆக்சிஜன் போகும். குளிர்காலத்துல கிராப்பி தடையே இல்லாம 40 அடி, 50 அடின்னு இறங்கிக் கூட்டமா நிக்கும். அங்கிருந்து தூக்கின சின்ன மீனைத் திருப்பி விட்டா, பெரும்பாலும் பிணத்தைத் திருப்பி விடுற மாதிரிதான். அளவு பத்தலன்னு அம்பது மீனைச் சாகடிச்சு 25ஐ எடுத்துட்டுப் போறதைவிட, வர்ற முதல் 25ஐ எடுத்துட்டுக் கிளம்பறது நல்லது. நான் பார்த்த மீன்பிடிச் சட்டங்கள்லயே இயற்கையை ஒழுங்காப் படிச்சு எழுதின ஒண்ணு இது.

கோடைல அந்த விதி இல்ல. கோடு 20 அடியிலேயே மீனைத் தடுத்து நிறுத்திடறதால, அழுத்தத்தால வர்ற பாதிப்பு குளிர்காலத்தைவிடக் குறைவு. அந்த வகையில கோடு மீனைக் காப்பாத்துது. ஆனா அதுக்கு பதிலா வெப்பம் வந்து உட்காரும். 25 டிகிரி தண்ணியில இருந்த மீனை 31 டிகிரி தண்ணி வழியா இழுத்து, 37 டிகிரி காத்துல தூக்கி, சூடான கையால பிடிச்சு, ஃபோட்டோ எடுக்கிறோம். சூடான தண்ணியில ஆக்சிஜன் கரையறதே குறைவு: 10 டிகிரியில லிட்டருக்கு 11 மில்லிகிராம்னா, 30 டிகிரியில ஏழரைதான். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்சிஜன் தேவை கூடும். ஓடிக் களைச்சவனைத் தலையணையால அமுக்கற மாதிரி.

இங்க சட்டம் நம்மளை ஒரு இக்கட்டுல விடுது. 9 இன்ச் மீன் வந்தா, அது பிழைக்காதுன்னு உங்களுக்கே தெரிஞ்சாலும், கோடைல திருப்பி விட்டே ஆகணும். வச்சுக்கிட்டா அபராதம். அதனால முடிவை மீன் மேல வந்தப்புறம் எடுக்க முடியாது, தூண்டிலை இறக்கறதுக்கு முன்னாடியே எடுக்கணும். நான் பண்றது இது: ஒரு இடத்துல வரிசையா ரெண்டு மூணு சின்ன மீன் வந்தா அந்த மரத்தை விட்டு நகர்ந்துடுவேன். கிராப்பி பெரும்பாலும் ஒரே அளவுக் கூட்டமாத்தான் நிக்கும், அங்க இன்னும் இருபது பிடிச்சாலும் இருபதும் அதே சைஸ்தான். கோட்டை ஒட்டின ஆழத்தைவிட 12, 14 அடியில மீன் கிடைச்சா அங்கதான் பிடிப்பேன். திருப்பி விட வேண்டிய மீனைப் படகுக்குள்ளயே கொண்டு வராம, தண்ணியிலேயே வச்சு முள்ளை எடுப்பேன். வீட்டுல சாப்பிட எத்தனை வேணும்னு கரையிலேயே முடிவு பண்ணிட்டு, அது கிடைச்சதும் ரீலைச் சுத்திடுவேன். பிடிச்சுப் பிடிச்சு விடுற விளையாட்டை ஜூலை, ஆகஸ்ட்ல நான் ஆடறதில்ல. மார்ச், ஏப்ரல்ல மீன் முட்டையிடக் கரைக்கு வரும்போது, ரெண்டு மூணு அடித் தண்ணியில எவ்வளவு வேணாலும் ஆடலாம், அப்போ அழுத்தமும் இல்ல, வெப்பமும் இல்ல.

வச்சுக்கிற மீனுக்கும் ஒரு வார்த்தை. படகுல இருக்கிற மீன் தொட்டி மேல்தண்ணியைத்தான் உறிஞ்சுது, அதாவது 31 டிகிரி. அதுல போட்ட மீன் ஒரு மணி நேரத்துல செத்து, சதை கொழகொழன்னு ஆயிடும். பெரிய ஐஸ்பெட்டி, நிறைய ஐஸ், கொஞ்சம் தண்ணி. பிடிச்ச உடனே அதுக்குள்ள. இங்க ஊர்க்காரங்க சோள மாவுல புரட்டிப் பொரிப்பாங்க, அருமையா இருக்கும். மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை, கொஞ்சம் சோம்புத்தூள் தடவி தோசைக்கல்லுல போட்டாலும் சதை உடையாம வரும். சில ஏரி மீன்களை எவ்வளவு சாப்பிடலாம்னு மாநில சுகாதாரத் துறை எச்சரிக்கை வெளியிடும், போற ஏரியோட பேரைப் போட்டுத் தேடிப் பார்த்துடுங்க.

ஆழத்தைப் பத்திப் பேசினதால ஒரு துணுக்கு. டெக்சாஸோட லார்ஜ்மௌத் பாஸ் சாதனை மீன் 18.18 பவுண்டு, எட்டே கால் கிலோ. 1992 ஜனவரியில லேக் ஃபோர்க்ல பேரி செயின்ட் கிளேர்ங்கறவர் பிடிச்சது. அவர் அன்னைக்குப் பாஸ் பிடிக்கப் போகவே இல்ல, மின்னோ போட்டுக் கிராப்பிக்கு உட்கார்ந்திருந்தாரு. பாஸுக்குன்னே லட்சக்கணக்குல செலவு பண்றவங்க கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, முகம் போற போக்கே தனி.

கடைசியா லைசன்ஸ். மெயில்ல அடுத்து அதிகமா வர்ற கேள்வி இதுதான். 17 வயசு ஆயிட்டா டெக்சாஸ்ல மீன்பிடி லைசன்ஸ் வேணும். விசா என்னங்கறதைப் பத்திக் கவலை வேணாம், ஆறு மாசத்துக்கு மேல தொடர்ந்து டெக்சாஸ்ல வசிச்சா உள்ளூர்க்காரர் கட்டணம்தான். சாதாரண வருடாந்திர லைசன்ஸ் நீங்க எப்போ வாங்கினாலும் ஆகஸ்ட் 31ல காலாவதி ஆயிடும். அதனால ஜூலை கடைசியில ஒரே ஒரு தடவை போறவங்க முழு வருஷத்துக்குக் காசு கட்டாதீங்க, ஒருநாள் லைசன்ஸ் இருக்கு. படகு எடுத்துட்டுப் போறவங்க, ஏரியை விட்டுக் கிளம்பறப்போ படகுல இருக்கிற தண்ணியை முழுசா வடிச்சிடணும், அதுவும் சட்டம்.

யாராவது தெர்மாமீட்டரைக் கயித்துல கட்டி இறக்கிப் பார்த்தீங்கன்னா, எந்த ஏரி, என்ன தேதி, எந்த அடியில எத்தனை டிகிரின்னு மெயில் பண்ணுங்க. வர்றதை எல்லாம் ஒரு ஷீட்ல போட்டு அடுத்த மாசம் பகிர்ந்துக்கறேன்.